செல்லாக்காசு செல்லும் தூரம்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் அக்கா மகன் பொங்கலுக்குப் பொள்ளாச்சி வந்திருந்தான். வந்த அன்றே சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்துத் திண்ணையில் வைத்தான். பழைய வெள்ளி ரூபாயைவிடப் பெரிது, கையில் எடுத்தால் கனம். ஓரத்தில் கயிறு முறுக்கிய மாதிரி வேலைப்பாடு, நடுவில் நீல எனாமலில் ஒரு திசைகாட்டி. பின்பக்கம் ஓரமாக, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறே குறிகள்.

எங்கம்மா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏங்கண்ணு, இது எந்தூருல செல்லும்?”

“எந்தூருலயும் செல்லாதுங்க அம்மிச்சி. சும்மா ஊர் ஊராப் போகும், அவ்வளவுதான்.”

“செல்லாத காசுக்கு எதுக்குச் சாமி நெம்பரு?”

மறுநாள் காலையில் காசைக் காணோம். திண்ணை, தொட்டிக்கட்டு, துவைக்கப் போட்ட சட்டைப் பை எல்லாம் தேடியாயிற்று. பையன் முகம் வெளுத்துவிட்டது. “மாமா, அது என்னுதில்லீங்க. யாரோ ஒருத்தருது” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். கடைசியில் சாமி அலமாரியில் கிடைத்தது. மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டு, ஆனைமலை மாசாணியம்மன் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார் அம்மா. கேட்டால், “ஊர் ஊராப் போற காசுன்னானே, பத்திரமாப் போயிச் சேரட்டும்னு முடிஞ்சு வெச்சேன்” என்கிறார்.

பையன் சிரித்தான். எனக்கு மட்டும் அம்மாவின் கேள்வி மண்டைக்குள் நின்றுவிட்டது. செல்லாத காசுக்கு எதற்கு எண்? அவனிடம் விசாரித்ததும் நானாகத் தேடிப் படித்ததுமாகச் சேர்ந்ததுதான் இந்தக் கதை.

அந்தக் காசுக்கு ஜியோகாயின் என்று பெயர். அதன் பிறப்பைச் சொல்ல 2000-ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் போக வேண்டும். அதுவரை ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு அனுப்பிய சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. கையில் கருவி இருந்தாலும் அது காட்டும் இடம் நூறு மீட்டர் வரை தள்ளிப் போகும். தென்னந்தோப்பில் ஒரு மரத்தைக் குறித்து வைத்தால், கருவி பக்கத்துத் தோட்டக்காரரின் கிணற்றைக் காட்டும். அந்தப் பிழையைக் கலப்பதை நிறுத்தப்போவதாக மே 1 அன்று அதிபர் கிளின்டன் அறிவித்தார். இரவோடு இரவாகக் கருவிகள் பத்து, இருபது மீட்டருக்குள் துல்லியமாகிவிட்டன.

மே 3 அன்று ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைப் பாதி மண்ணில் புதைத்து வைத்தார். வாளிக்குள் புத்தகம், வீடியோ கேசட், உண்டிவில்லின் பிடி, கொஞ்சம் டாலர், ஒரு டின் பீன்ஸ் என்று ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழித்தால் வெளியே வருமே, அந்த ரகச் சாமான்கள். வாளி இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் எழுதிவிட்டார். போட்ட நிபந்தனை சின்னது: ஏதாவது எடுத்துக்கொள், பதிலுக்கு ஏதாவது வைத்துவிட்டுப் போ. மூன்று நாளைக்குள் இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள். மாத முடிவில் மேட் ஸ்டம் என்பவர் இந்த ஆட்டத்துக்கு ஜியோகேச்சிங் என்று பெயர் வைத்தார். செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென்றே ஒரு இணையதளம் தொடங்கியபோது, உலகம் முழுவதும் பட்டியலில் இருந்த, இப்படி ஒளித்து வைத்த பெட்டிகள் மொத்தம் 75.

இந்த ‘எடு, வை’ வியாபாரத்தில் ஒரு சங்கடம் இருந்தது. நல்ல பொருளை எடுத்துக்கொண்டு உடைந்த பேனாவை வைத்துவிட்டுப் போகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பெட்டியின் தரம் இறங்கிக்கொண்டே போகும். ஆகவே சிலர் தங்கள் கையெழுத்து மாதிரி ஒரு சொந்தப் பொருளை வைக்கத் தொடங்கினார்கள். மரவில்லை, அச்சடித்த அட்டை, கூழாங்கல்லில் வரைந்த படம். 2001-இல் அந்த இணையதளமே ‘டிராவல் பக்’ என்று ஒன்றை விற்க ஆரம்பித்தது. ராணுவத்தார் கழுத்தில் போடுவார்களே, அது போன்ற உலோகத் தகடு, அதில் ஒரு எண். பொம்மையிலோ சாவிக்கொத்திலோ மாட்டி ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டியது. எடுத்தவர் எண்ணை இணையத்தில் பதிந்துவிட்டு அடுத்த பெட்டியில் சேர்ப்பார். டாலர் நோட்டின் எண்ணைப் பதிந்து அது எங்கெங்கே போகிறது என்று பார்க்கும் ‘வேர்ஸ் ஜார்ஜ்’ என்ற இணையதளம் 1998-லேயே வந்துவிட்டது. ஆனால் நோட்டுக்கு வாங்கும் சக்தி உண்டு. பத்துப் பேர் கையில் பட்டால் ஒன்பது பேர் எண்ணைப் பார்க்காமல் மளிகைக் கடையில் நீட்டிவிடுவார்கள்.

அதே 2001-இல் வாஷிங்டன் மாநிலத்து ஜான் ஸ்டான்லி, இந்த ஆட்டத்தில் ‘மவுண்டன்பைக்’ என்ற பட்டப்பெயரில் விளையாடுகிறவர், தன் பெயருக்கு உலோகத்திலேயே காசு அடித்துக்கொண்டார். அமெரிக்க ராணுவத்தில் படைப்பிரிவுக்கு ஒரு காசு அடித்துக் கைகுலுக்கும்போது கொடுக்கும் பழக்கம் உண்டு. வடிவத்துக்கு அது முன்னோடி. இவருடைய காசில் வரிசை எண்ணும் இருந்தது. செப்டம்பர் 30 அன்று டிசெப்ஷன் பாஸ் என்ற கடல் இடுக்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெட்டியில் ஒன்றைப் போட்டார். ஜியோகாயின் பிறந்த நாளும் இடமும் அதுதான்.

பிறகு இது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. எஃகில் அச்சு வெட்டி, பித்தளை வில்லையையோ துத்தநாகக் கலவையையோ அழுத்தி எடுத்து, நிக்கல் அல்லது செம்பு முலாம் பூசி, பள்ளங்களில் எனாமல் நிரப்பிச் சுடுகிறார்கள். குறுக்களவு பெரும்பாலும் 38 அல்லது 44 மில்லிமீட்டர். ஒவ்வொன்றிலும் அந்த ஆறெழுத்துக் குறி தனித்தனியாகப் பொறிக்கப்படும். வாங்கியவர் அதைத் தன் பெயரில் பதிந்து, ஒரு வேண்டுதலும் எழுதி வைப்பார். ‘மலை மலையாகப் போக வேண்டும்’, ‘கலங்கரை விளக்கங்களைப் பார்க்க வேண்டும்’, ‘என் மகள் படிக்கும் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும்.’ எங்கள் வீட்டுக்கு வந்த காசுக்கு மலை பார்க்கும் வேண்டுதல். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஒரு பெட்டியில் எடுத்தவன் ஆனைமலையைக் காட்டலாமே என்று இங்கே தூக்கி வந்திருக்கிறான்.

வேண்டுதல் என்றவுடன் சாமி அலமாரி முடிச்சு ஞாபகத்துக்கு வருகிறதா? அம்மா செய்தது ஒன்றும் பிசகு இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து வைக்கிறோம். முடிந்த நிமிஷத்திலிருந்து அந்த ஒரு ரூபாய் கடைக்குச் செல்லாது. வீட்டில் பால் வாங்கச் சில்லறை இல்லாவிட்டாலும் அதில் கை வைக்க மாட்டோம். அது போக வேண்டிய உண்டியல் ஒன்றுதான். காசைப் பணம் என்ற வேலையிலிருந்து விடுவித்து ஒரு பயணத்துக்கு நேர்ந்துவிடுவது கொங்கு நாட்டுப் பெண்களுக்குப் பழகிய சங்கதி. என்ன, மாசாணியம்மன் கோயில் உண்டியலில் விழும்வரை அது யார் யார் கையில் இருந்தது என்று பதிய இணையதளம் கிடையாது.

பதிவுக்கு நம்மிடம் வேறொன்று இருக்கிறது. கல்யாண மண்டபத்து வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவரின் மொய் நோட்டு. பெயர், ஊர், தொகை. பத்து வருஷம் கழித்தும் புரட்டிப் பார்த்து, இன்னார் இவ்வளவு வைத்தார் என்று திருப்பிச் செய்வோம். ஜியோகாயினின் பக்கத்தைப் பையன் போனில் திறந்து காட்டியபோது எனக்கு மொய் நோட்டுதான் தெரிந்தது. தேதி, ஊர், எடுத்தவர் பெயர், இரண்டு வரி நலம் விசாரிப்பு. இதில் தொகை எழுதும் இடத்தில் கிலோமீட்டர்.

அந்தக் கிலோமீட்டர் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே காக்கை பறக்கும் நேர்கோட்டைத்தான் இணையதளம் அளக்கும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் சாலையில் 65 கிலோமீட்டர், ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்றி, வாந்தி எடுத்து, மேலே போய்ச் சேர்ந்தால் காசின் கணக்கில் ஏறுவது 40 கிலோமீட்டருக்கும் குறைவு. பையன் இதைச் சொன்னதும், “பஸ்ஸுக்காரன் இந்தக் கணக்குல டிக்கெட் போட்டா எப்படி இருக்கும்” என்றார் அம்மா.

இப்படித் தூரம் வந்த காசுகள் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. அதற்குச் சாட்சி, இங்கே மண்ணுக்குள் கிடைத்த ஒரு பானை.

திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்த பிறகு, கைக்கு வந்த நாடு எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுத, பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவரை கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பியது. 1800-இன் கடைசி மாதங்களில் கோயம்புத்தூர்ச் சீமை வழியாக மலபாருக்குப் போகும்போது அவர் பொள்ளாச்சியைக் கடந்தார். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் இங்கே ஒரு பானை நிறைய ரோமானிய வெள்ளிக் காசுகள் மண்ணிலிருந்து கிடைத்திருந்தன. கலெக்டர் ஹர்டிஸ் அதில் ஆறு காசுகளை புக்கானனுக்குக் கொடுத்தார். புக்கானன் எடை போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றும் 56 கிரெயின் என்று தன் நூலில் எழுதி வைத்தார். நம் கணக்கில் சுமார் மூன்றரை கிராம், இன்றைக்குக் கையில் புழங்கும் ஒரு ரூபாய்க் காசின் எடையை ஒட்டி வரும். பானையில் இருந்தவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு பேரரசர்களின் காசுகள். 1842-இல் கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரிலும் இப்படி ஒரு குவியல் கிடைத்தது, அதில் 522 வெள்ளிக் காசுகள். அங்கேயும் பெரும்பகுதி இதே இருவர்தான்.

தென்னிந்தியாவில் அதிகம் அகப்பட்ட வெள்ளி வகைகள் இரண்டு. ஒன்றில் முன்பக்கம் அகஸ்டஸின் தலை, பின்பக்கம் அவருடைய பேரன்கள் இருவர் கேடயமும் ஈட்டியுமாக நிற்பார்கள். மற்றதில் டைபீரியஸின் தலை, பின்பக்கம் நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண். இரண்டையும் அடித்த தங்கசாலை இன்றைய பிரான்ஸில் இருக்கும் லியோன் நகரம். பொள்ளாச்சியிலிருந்து காக்கைக் கணக்கில் சுமார் 7,800 கிலோமீட்டர். காசு வந்த வழியோ மத்தியதரைக் கடலைத் தாண்டி எகிப்து, நைல், பாலைவனம், செங்கடல் துறைமுகம், பருவக்காற்றைப் பிடித்து மலபார்க் கரையின் முசிறி, அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறாமல் உள்ளே நுழைய அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒரே வாசல் அது. ஆடி மாதம் அதன் வழியே அடிக்கும் காற்றை இந்த ஊரில் வேட்டி கட்டி நடந்தவர்கள் மறக்க மாட்டார்கள். காசு வந்த வழியில் மிளகும் இந்தப் பக்கத்துப் படியூர்ப் பச்சைக்கல்லும் திரும்பப் போயின. ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று ரோமில் பிளினி என்ற அறிஞர் புலம்பி எழுதிய காலம் அது.

ஏன் இந்த இருவர் காசே இத்தனை? கி.பி. 64 வாக்கில் நீரோ வெள்ளியைக் குறைத்துக் கலப்படம் செய்தான். நம் வியாபாரிகள் கண் தெரியாதவர்களா? பழைய சுத்த வெள்ளியாகவே கேட்டு வாங்கினார்கள் என்பது காசு ஆராய்கிறவர்கள் பலருடைய முடிவு. இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகள் சிலவற்றில், முக்கியமாகத் தங்கத்தில், அரசன் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய கோடு இருக்கும். உள்ளே செம்பா என்று பார்க்க வெட்டினார்கள் என்பார் ஒருவர். அந்நிய அரசனின் முகத்தைச் செல்லாததாக்க வெட்டினார்கள் என்பார் இன்னொருவர். எனக்கு முதல் கட்சிதான் பிடிக்கிறது. துண்டுக்குள் விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசும் தரகர்களை செவ்வாயும் வியாழனும் பொள்ளாச்சிச் சந்தையில் பார்த்து வளர்ந்தவன் நான். பல்லைப் பிடித்துப் பார்க்காமல் இந்த ஊரில் எதுவும் கைமாறாது.

ஆக, எண் பொறிக்காமலேயே அந்தக் காசுகளும் பாதி வழியைச் சொல்லிவிடுகின்றன. யார் காலம், எந்தத் தங்கசாலை, இங்கே யாரோ ஒருவர் உளியை எடுத்தார், கடைசியில் யாரோ ஒருவர் பானையில் போட்டு மூடினார். மீதிப் பாதிக்கு நோட்டு இல்லை. செலவழிக்க வேண்டிய காசை ஒருவர் பதுக்கியதால்தான் பதினெட்டு நூற்றாண்டு கழித்து புக்கானன் கைக்கு ஆறாவது வந்தது. காசு நன்றாக இருந்தால் நின்றுவிடும், மட்டமாக இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஜியோகாயினுக்கும் இதே வியாதி வந்தது. எண்ணும் எனாமலும் சேர்ந்து காசுகள் அழகாக ஆக, பெட்டியில் போட்டவை அடுத்த பெட்டிக்கு வந்து சேரவில்லை. ஸ்டான்லியின் பழைய காசுகள் சேகரிப்பவர்கள் ஏங்கும் பொருளாயின. பயணத்துக்குப் பிறந்த காசு ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. உடைமைக்காரர்கள் தந்திரம் கண்டுபிடித்தார்கள். சிலர் புதுக்காசில் துளை போட்டுச் சங்கிலி கோத்து, ‘பயணத்தில் இருக்கிறது, வைத்துக்கொள்ளாதே’ என்று தகடு தொங்கவிட்டார்கள். துளை விழுந்தால் சேகரிப்பவருக்கு ஆசை விட்டுப்போகும். வேறு சிலர் அசல் காசை வீட்டில் வைத்துக்கொண்டு, அதன் படத்தையும் எண்ணையும் அச்சடித்து லேமினேட் செய்த அட்டையை ஊருக்கு அனுப்புகிறார்கள். உற்சவர் வீதியுலா போக, மூலவர் கருவறையில் இருப்பது மாதிரி.

சேகரிப்பவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. என் மேஜை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. உலகப் போரில் உலோகத்தை மிச்சம் பிடிக்க 1943 முதல் அடித்த ஓட்டைக் காலணா மட்டும் அதில் பதினொன்று. ஒன்றைக்கூட யாருக்கும் கொடுத்ததில்லை. ஆனாலும் அந்த எண் போட்ட காசை இரண்டு நாள் வைத்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. என் டப்பாவில் இருக்கும் காசுகள் எனக்குக் கிடைத்தவை, அதோடு அவற்றின் கதை நின்றுவிட்டது. அவன் கொண்டுவந்த காசில் எங்கள் திண்ணை ஒரு வரி, அவ்வளவுதான். முன்னால் இருபத்து மூன்று பேர், பின்னால் எத்தனை பேரோ.

இந்த வகையில் மிகத் தொலைவு போனது காசு வடிவிலேயே இல்லை. 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியில் ஷெர்லாக் என்ற கருவியைச் சரிபார்க்க ஒரு மாதிரிப் பலகை இருக்கிறது. விண்வெளி உடையின் துணி, தலைக்கவசத்தின் கண்ணாடி என்று பல பொருள்களின் துண்டுகள் அதில். அந்தக் கண்ணாடிக்கான பாலிகார்பனேட் துண்டில் ஒரு ஜியோகேச்சிங் எண்ணைப் பொறித்து அனுப்பிவிட்டார்கள். ஊர்தி அனுப்பும் படங்களில் அந்த எண்ணைப் பார்த்தவர்கள் இங்கே பூமியில் உட்கார்ந்து பதிந்துகொள்கிறார்கள். அல்மரின் வாளியில் இருந்த பீன்ஸ் டின்னும் பிற்பாடு மண்ணிலிருந்து கிடைத்து, எண் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றிவிட்டது. அதைத் தின்னத்தான் யாருக்கும் மனசில்லை.

எங்கள் வீட்டுக் காசு ஆழியாறு அணைக்கு மேலே ஒன்பதாவது வளைவில் நின்று மலையைப் பார்த்தது. அந்தப் படத்தையும் மஞ்சள் முடிச்சின் படத்தையும் பையன் அதன் பக்கத்தில் ஏற்றினான். அதன் சொந்தக்காரர் எந்த நாட்டிலோ உட்கார்ந்து, முடிச்சு எதற்கு என்று கேட்டு எழுதியிருந்தார். அம்மா சொன்னதை அப்படியே மொழிபெயர்த்துப் போட்டிருக்கிறான். ஊருக்குத் திரும்பும்போது காசை எடுத்துப் போனான். மஞ்சள் துணியையும் சேர்த்துத்தான், அம்மா அவிழ்க்க விடவில்லை.

உங்களுக்கு இரண்டு விஷயம். ஏதாவது மலையடிவாரத்தில், கல் இடுக்கில், டிபன் பாக்ஸ் மாதிரி ஒரு டப்பாவும் உள்ளே ஆறெழுத்துக் குறி போட்ட காசும் கண்ணில் பட்டால், குறியை எழுதிக்கொண்டு காசை நகர்த்திவிடுங்கள். கிணறு வெட்டும்போதோ தென்னைக்குக் குழி எடுக்கும்போதோ பானை தட்டுப்பட்டால், உருக்கிப் பார்க்க ஆசாரியிடம் கொண்டு போகாதீர்கள். 1878-ஆம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எது மண்ணுக்குள் கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி என்று அதில் எழுதச் சொல்கிறார்கள்.